ஏரிப் பூதத்துக்கு ஒரு கோப்பை

"தைரியமா குடிங்க சார், புகை சுடாது!"

மரிசெல் கோப்பையை நகர்த்தினாள். பாசி நிறத்தில் ஜின், புதினா, எலுமிச்சை. மேலே வெண்புகை மெதுவாக வழிந்தது.

வெண்டல் ஹாஸ்கின்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு வயது. பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றில் ஏரிப் பூதமாக நடித்தவர் என்று ஊருக்கே தெரியும். தலைமுதல் கால்வரை மூடிய ரப்பர் உடையில், தண்ணீருக்கடியில் மூன்று நிமிடம் மூச்சடக்கிப் பூதம் நீந்தும் காட்சியை மரிசெல் நூறு தடவையாவது பார்த்திருப்பாள்.

படப்பிடிப்புக் கூடங்கள் நிறைந்த பர்பாங் நகரில், மரிசெல் வேலை பார்க்கும் மதுக்கூடத்தில் பேய் வேடமிடும் ஹாலோவீன் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய திரைப் பூதத்தின் பெயரில் புதுப் பானம் வரும். ஆனால், அந்தப் பூதமாக நடித்தவரே வந்து கோப்பையைச் சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்தால்தான் அதன் பெயர் கரும்பலகையில் ஏறும். இந்த வருடம் ஏறினால் பானம் கலக்கும் கவுண்ட்டர் மரிசெல் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். ஏறாவிட்டால் பழையபடி தட்டு தூக்க வேண்டியதுதான். ஆறு மணிக்கு வாடிக்கையாளர்களுக்குக் கதவு திறந்துவிடும்.

வெண்டல் கோப்பையை அருகில் இருந்த மனைவி ஓப்பல் பக்கம் தள்ளினார். "முதல்ல நீ பாரு."

ஓப்பல் ஒரு வாய் குடித்தார். "இனிக்குது. இது பூதமில்லம்மா, பிறந்தநாள் கேக்."

மரிசெலுக்குச் சுருக்கென்றது. "சார் சொல்லட்டுமே மேடம். பூதம் அவருதானே?"

"இவரா? நான் கருக்கின ரொட்டியையே ஐம்பத்தொம்பது வருஷமா பிரமாதம்ங்கிறவரு."

வெண்டல் சிரித்தார். மரிசெலுக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரைப் பாகைக் குறைத்து, கசப்புச் சாறு சேர்த்து, மறுபடி குலுக்கி ஊற்றினாள்.

ஓப்பல் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தார்.

"ஏரி முதல்ல சில்லுனு நெஞ்சைப் பிடிக்கும். அப்புறம்தான் சேறு கசக்கும். மூச்சு முட்டுறப்போ ரப்பர் வாடை உச்சந்தலைக்கு ஏறும். அது இதுல இல்ல."

"ஏரியையே குடிச்சுப் பாத்த மாதிரி பேசுறீங்களே!"

ஓப்பல் கோப்பையைக் கீழே வைத்தார். வெண்டல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் மரிசெலின் கோபம் எப்படியோ இறங்கிவிட்டது. உறைபெட்டியிலிருந்து புதுக் கோப்பையை எடுத்தாள். ஜின்னைப் பாதியாகக் குறைத்தாள். மிச்சத்துக்கு, ரப்பர் கருகினதுபோல் புகை மணக்கும் மெக்சிகோச் சாராயம். அளவுக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அவள் கை மட்டும் அளந்தது. அந்தக் கையையே ஓப்பல் வியப்போடு பார்த்தார்.

இந்த முறை ஒரு துளிதான் உதட்டில் வைத்தார். கண் கலங்கியது.

"இதுதான்," என்றார். "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். மரிசெல் கோப்பையை இரண்டு கைகளாலும் வெண்டல் முன் வைத்தாள்.

"இப்ப உங்க முறை சார். சின்ன வயசுல எனக்கு இருட்டுன்னாலே பயம். அந்த மூணு நிமிஷத்தைப் பாத்தப்புறம்தான் போச்சு. பூதமா அது? ராஜா மாதிரியில்ல நீந்துது! யாருக்கு சார் அவ்வளவு மூச்சு இருக்கும்?"

வெண்டல் கோப்பையை உதடுவரை கொண்டுபோனார். குடிக்காமல் இறக்கினார்.

"வெண்டல், பேசாம குடி," என்றார் ஓப்பல், தாழ்ந்த குரலில்.

"அறுபது வருஷமா பேசாமத்தானே இருந்தேன்."

அவர் கோப்பையை மெல்ல நகர்த்தி மனைவியின் முன் வைத்தார்.

"இதை இவதான் காலி பண்ணணும், கண்ணு. எனக்கு நீச்சலே தெரியாது."