சகோதரிக்காக ஒரு ஜெபம்

"யாரோ ஒருத்தன் குரலை மாத்தி போன்ல அசிங்கமா பேசறான் அங்கிள். பிளாக் பண்ணா வேற நம்பர்ல வர்றான். நான் எடுத்ததும் அவன் போனை நகத்தால ரெண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டாலே கட் பண்ணிடறேன்."

பிளஸ்ஸியின் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார் வக்கீல் டெனிஸ். அஸ்தினாபுரம் சர்ச்சில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதலில் அவரிடம்தான் போவார்கள்.

"போலீசுக்குப் போகட்டுமா அங்கிள்?"

"போனா உன் பேருதாம்மா நாறும். போன்ல அசிங்கமா பேசறதைக் குத்தமாக்கற சட்டத்தையே எடுக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போறேன். வெறும் பேச்சுதானே, அது உடம்பையா தொடுது? உன்னை மாதிரி பாதிக்கப்பட்ட பொண்ணே அந்தச் சட்டம் வேணாம்னு சொன்னா கோர்ட்டுல எடுபடும். இந்த மனுவுல ஒரு கையெழுத்து போடு."

அங்கிள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஊரில் இல்லை. ஜெபம் நடத்த டெனிஸ் எழுந்து வந்தார்.

"போன் தொல்லையில கலங்கி நிக்கிற ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

பிளஸ்ஸி கைகளைக் கோத்துக்கொண்டாள். நன்றியோடு கண்ணை மூடினாள்.

மைக்கில் நகம் பட்டது. டொக். டொக்.

கண்ணைத் திறந்தாள். சபை முழுக்கத் தலை குனிந்திருந்தது. டெனிஸ் மட்டும் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.