ஆளை ஏற்றும் கப்பல்

கண்மணி வடிவமைத்த மீட்புக் கப்பலின் படகளவு மாதிரி கொடைக்கானல் ஏரியில் மிதந்தபோது, அவளோடு படித்த ராஜமுருகனுக்கு வயிறு எரிந்தது. அவன் வரைந்து அனுப்பிய வடிவத்தைக் கப்பல் கட்டும் கம்பெனி கழித்துவிட்டிருந்தது.

"டீசலே வேணாம் சார். பாய விரிச்சாக் காத்தே இழுத்துட்டுப் போயிரும். பின்பக்கம் தண்ணி மட்டத்துக்கு எறங்கி, தத்தளிக்கிறவங்கள அப்படியே உள்ள ஏத்திக்கும்" என்று கரையில் பக்கத்தில் நின்ற கம்பெனி அதிகாரியிடம் சொன்னாள் கண்மணி.

உதவிக்கு வந்திருந்த ராஜமுருகன், தன் படகிலிருந்து ஒரு ரப்பர் பொம்மையைத் தண்ணீரில் போட்டான். கப்பல் அதை அள்ளிக்கொண்டது.

"பொம்மை சரிம்மா. உசிருக்குப் பயந்து கையக் கால உதறுற மனுசன ஏத்துமா?" என்றார் அதிகாரி.

அவள் பதில் சொல்லுமுன் தொபீரென்று சத்தம் கேட்டது. ராஜமுருகன் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தான். கண்மணி கையிலிருந்த ரிமோட்டை அழுத்த, கப்பல் வளைந்து திரும்பியது. சற்று நேரத்தில் அது கரைக்கு வந்தபோது, அவன் அதன் தளத்தில் கிடந்து இருமினான்.

அதிகாரி கைதட்டினார். "இதையே கட்டுறோம்மா!"

கண்மணி அழுதேவிட்டாள். "ஏலே, நீச்சல் தெரியாம எனக்காகக் குதிச்சியே! உன்ன மாதிரி ஒருத்தன் கெடைப்பானா?"

ராஜமுருகன் தலையைக் குனிந்துகொண்டான். கப்பலின் பாய்க் கயிற்றை அறுத்துவிட எட்டியபோதுதான் அவன் கால் வழுக்கியது. கத்தி ஏரியின் அடியில் கிடந்தது.