நிலவறையில் உறுமல்

பதினெட்டு மணி நேரமாக வீடு கதகதப்பாக இருந்தது. வெளியே, கனடாவின் வின்னிபெக்கில், மைனஸ் முப்பது டிகிரி. நிலவறையில் இருந்த பழுதான கேஸ் ஹீட்டரைப் பார்க்க வந்த மெக்கானிக் டுவேனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு டாரஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தான். அவன் மனைவி ஒக்ஸானாவும் புதிதாய்ப் பிறந்த மகளும் நேற்று வீட்டுக்குள் நுழைந்தபோதே நிலவறையில் அது உறுமிக்கொண்டிருந்தது. விஷவாயு எச்சரிக்கைக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளியது.

“உன்ன மாதிரியே திமிரு,” என்றான் டாரஸ்.

“உன்ன மாதிரி குறட்டை விடலையே, அது போதும்,” என்று ஒக்ஸானா சிரித்தாள்.

போன் அடித்தது. ஒக்ஸானா எடுத்தாள். டுவேன்தான்.

“பனியில ரோடு அடைச்சிடுச்சும்மா. புது ஹீட்டரு இன்னைக்குத்தான் கொண்டு வரேன். கைக்குழந்தையோட எங்க தங்குனீங்க?”

“வீட்லதான்! பழசே ஜோரா ஓடுதே!”

கீழே உறுமல் தொடர்ந்தது.

“அம்மா, அதுல விஷவாயு கசிஞ்சுது. நேத்தே கழட்டிட்டேன். அது என் வண்டியில கிடக்கு.”