ஹாஜியார் பார்த்த வீடு

வாவியைப் பார்த்தபடி எழும்பியிருந்த மூன்று மாடி வீட்டை ஜிப்ரி ஹாஜியார் ஒரு மூலை விடாமல் சுற்றிப் பார்த்தார். தலைக்கவசத்தோடு நின்ற பஸ்னா அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"நீங்கதான் எஞ்சினியரா, மகள்? தரையில போட்ட மாபிள் எந்த நாட்டுது?"

"இத்தாலி. வீட்டுப் படமும் நான்தான் கீறின."

"மேல நீச்சல் தடாகம் இல்லையே. மகன் ஆசைப்படுறான்."

"பாரம் தாங்காது, ஹாஜியார்."

"அப்ப முன் மதில உடைங்க. ரெண்டு கார் நிக்க இடம் காணா."

"மதில உடைக்க ஏலா," என்றாள் பஸ்னா.

ஹாஜியார் சிரித்துக்கொண்டார்.

"சரி, பரவால்ல. சீதன வீடு எங்களுக்குப் பிடிச்சிட்டு. மகன்ட நிக்காஹ்வுக்குச் சம்மதம் எண்டு சரீபுக்குச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு வந்து அவர்ர மகளையும் பாத்திட்டுப் போறம்."

பஸ்னா தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"பாத்திட்டீங்க, ஹாஜியார். மாபிள் எந்த நாடெண்டு கேட்டீங்க, பொண்ணு என்ன படிச்சிரிக்கா எண்டு கேக்கல்ல. வீடு என்ட உழைப்பு, என்ட பேர்ல இரிக்கி. எனக்குச் சம்மதமில்ல எண்டு வாப்பாக்கு நானே சொல்றன்."

பஸ்னா போய் கேட்டை அகலத் திறந்துவிட்டாள்.

"உங்கட கார் வெளிய போக இந்த இடம் காணும்."