நாலாவது கெர்னல்

நாலாவது தடவையும் திரை அதே இடத்தில் நின்றது: வட்டைக் காணவில்லை. யுஎஸ்பியில் செருகிய வட்டின் பச்சை விளக்கு கண்ணெதிரே சிமிட்டிக்கொண்டிருக்கிறது, காணவில்லையாம். ஞானசம்பந்தம் மேசையை ஓங்கி அறைந்தார். காலையிலிருந்து கணினியின் கெர்னலை, அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, தன் கையாலேயே கட்டமைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம் பாழ்.

பிறகுதான் அமைப்புப் பட்டியலில் தான் தவறாக இட்டிருந்த ஓர் எழுத்து கண்ணில் பட்டது. யுஎஸ்பி வட்டுகளைப் படிக்கும் நிரலைக் கெர்னலோடு சேர்க்காமல், வேண்டும்போது எடுத்துக்கொள்ளட்டும் என்று தனியே வைத்திருந்தார். தனியே என்றால், அதே வட்டில்.

“என்னங்க ஆச்சு?” காபியோடு வந்த மனைவி கோமளவல்லி கேட்டாள்.

“வட்டைத் திறக்கற புரோகிராம் வட்டுக்குள்ளயே இருக்கு. திறந்தாத்தான் உள்ள போகலாம், உள்ள போனாத்தான் திறக்க முடியும். எந்த முட்டாளாவது இப்படி வைப்பானா?”

“அன்னைக்கு நீங்களும்தான், உள்ள வந்து என் கால்ல விழட்டும், அப்புறம் கதவைத் திறக்கறேன்னு சொன்னீங்களே. நம்ம பொண்ணு ஒரு மணி நேரம் அந்த வெயில்ல வாசல்லயே நின்னுட்டுப் போனா.”

அவர் பட்டியலில் அந்த எழுத்தை மாற்றினார். ஒரே ஒரு விசைதான். கெர்னல் மறுபடி முதலிலிருந்து உருவாகத் தொடங்கியது.

“இன்னும் நாப்பது நிமிஷம்” என்று பல்லைக் கடித்தார்.

“அவ வீட்டுலேர்ந்து பஸ்ல வரவும் அவ்வளவுதான் ஆகும்” என்ற கோமளவல்லி, தன் போனை விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.