உட்காராதீங்க, கைண்ட்லி

"எந்திரிம்மா, கைண்ட்லி."

மேனேஜர் குரல் கேட்டதும் லேடீஸ் பக்கம் வேலை பாக்கற பொண்ணு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தா. வயித்துல ஏழு மாசம். கால் ரெண்டும் புசுபுசுன்னு வீங்கிக் கிடக்கு. ஊருக்கெல்லாம் செருப்பு மாட்டி விடறவளுக்குத் தன் செருப்பு வாரை மாட்ட முடியல.

செருப்புக் கடையில உட்கார இடத்துக்கா பஞ்சம்? திரும்பின பக்கமெல்லாம் ஸ்டூல், பெஞ்சு, மெத்தை வச்ச சீட்டு. எல்லாம் வாங்க வர்றவங்களுக்கு. ஒவ்வொண்ணுலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: ஸ்டாஃப் கைண்ட்லி உட்கார வேண்டாம்.

ஜென்ட்ஸ் ஷூ பக்கம் நின்ன பத்தாம் நம்பருக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவனுக்குக் கால் பெருசு, சைஸே பேராயிடுச்சு. வாயும் அதே சைஸ்தான். மேனேஜருக்கு 'கைண்ட்லி'ன்னு பேர் வச்சவனே அவன்தான். அந்த ஆளு அந்த வார்த்தை இல்லாம கொட்டாவி கூட விட்டதில்ல. கைண்ட்லி சீக்கிரம் சாப்பிடுங்க. கைண்ட்லி நாளையிலேர்ந்து வராதீங்க.

பத்தாம் நம்பர் நேரா பில் போடற அக்காகிட்ட போனான்.

"அக்கா, நீங்க இங்கிலீஷ்ல பட்டம் வாங்கிட்டு இங்க வந்து பட்டன் தட்டறவங்க. அந்த எழவு வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?"

"ரொம்பப் பழைய காலத்துல 'இயல்பா, சொந்தக்காரங்க நடந்துக்கற மாதிரி'ன்னு அர்த்தம்டா. அப்புறம் 'அன்பா'ன்னு ஆச்சு. அப்புறம் 'தயவுசெஞ்சு'ன்னு ஆச்சு."

"இப்போ?"

"லீவ் லெட்டர்ல நீ எழுதலியா, கைண்ட்லி லீவு கொடுங்கன்னு? கீழேர்ந்து மேல போனா கெஞ்சல். மேலேர்ந்து கீழ வந்தா மிரட்டல். அவ்வளவுதான்."

"அடப்பாவிகளா. சொந்தக்காரனா வந்தவனைக் கடைசியில அடியாளா ஆக்கிட்டாங்களேக்கா."

"போடா, போய் வேலையைப் பாரு. உன் வாயே உன் பொழப்பைக் கெடுத்துடும்."

சாயங்காலம் கூட்டம் அள்ளிச்சு. டப்பாவைக் கொண்டு வர்றதும் கொண்டு போறதுமா இருந்த பொண்ணுக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துடுச்சு. கண்ணைக் கட்டிக்கிட்டு வர, பக்கத்து ஸ்டூல் ஓரத்துல லேசா ஒட்டினா.

எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ, மேனேஜர் வந்து நின்னாரு.

"உனக்கு எத்தனை வாட்டி சொல்றது? கைண்ட்லி நாளைக்கு வீட்டுலயே உட்கார்ந்துக்கோ. நிரந்தரமா."

"சார், வீட்டுல என் சம்பளம் மட்டும்தான் சார். நிக்கறேன் சார்."

பத்தாம் நம்பர் ஒரு பெரியவருக்கு ஒரு கால்ல ஷூவை மாட்டி முடிச்சிருந்தான். இன்னொண்ணை அப்படியே கீழ போட்டுட்டு வந்தான்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. நிக்கறதுதான் உங்களுக்குப் பிடிச்ச விஷயமாச்சே."

"கைண்ட்லி குரலைத் தாழ்த்து."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை எடுத்தீங்க, இந்த யூனிஃபார்மைக் கழட்டி உங்க தோள்ல போட்டுட்டுப் போயிடுவேன். புள்ளைத்தாச்சிப் பொண்ணு சார். கால் பானை மாதிரி வீங்கியிருக்கு. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல ஸ்டாக் தீர்ந்துடுச்சா?"

ஒரு அம்மா எடுத்து வச்சிருந்த மூணு ஜோடியையும் கவுண்டர்ல திருப்பி வச்சாங்க.

"இப்படிப்பட்ட கடையில எனக்கு ஒண்ணும் வேணாம்."

மூணு ஜோடி போகுதேன்னதும்தான் மேனேஜருக்கு உறைச்சுது. கூட்டத்தைப் பார்த்தாரு.

"சரி சரி. அந்த மூலை ஸ்டூலை ஸ்டாஃபுக்கு விட்டுடறேன். முடியாதவங்க உட்காரலாம். வேலையை விட்டெல்லாம் யாரும் போக வேணாம்." அவரே போய் ஸ்டிக்கரை உரிச்சாரு.

கூட்டம் கை தட்டுச்சு. பில் அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "வாழ்நாள்ல ஒரு தடவை உருப்படியா வாயைத் திறந்துட்டேடா."

பத்தாம் நம்பருக்குக் கோபம் இன்னும் இறங்கல. நேரா மூலைக்குப் போய் அந்த ஸ்டூல்ல தொப்புன்னு உட்கார்ந்தான். அப்பாடா. இந்தக் கடையில சேர்ந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் இடுப்பு தன் வேலையைச் செய்யுது.

அந்தப் பொண்ணு மெல்ல நடந்து வந்து, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"உங்களை மறக்கவே மாட்டேன்ணே."

"விடும்மா. இவனுங்களுக்கெல்லாம் நாம மனுஷங்களா, மரக்கட்டையான்னே தெரியல. கேக்கறதுக்கு ஒருத்தன் வேணாமா? உனக்காகத்தான் இன்னைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்." சொல்லிக்கிட்டே காலை நீட்டிச் சுவத்துல சாஞ்சான்.

"தம்பி, இன்னொரு கால் என்னாச்சு?" ஒத்தை ஷூவோட உட்கார்ந்திருந்த பெரியவர் கூப்பிட்டாரு.

பத்தாம் நம்பர் நீட்டின காலை மடக்கல. அவ்வளவு நேரம் கத்தின குரல் அப்படியே குழைஞ்சுது.

"தங்கச்சி, அண்ணனுக்குக் கால் கடுக்குதுடா. நீ போய்க் கொஞ்சம் முட்டி போட்டு அவருக்கு மாட்டி விட்டுட்டு வந்துடேன், தங்கமில்ல."