சுருக்கி எழுதியவர்

“அங்கிள், நடாஷா ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தா. ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரிதான் இருக்கு. மீதி எங்க?”

பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராமதாஸ் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். எதிரே வகுப்புப் பிரதிநிதி ஜூலியானா.

“சுருக்கித்தாம்மா டைப் பண்ணுவேன்.”

“சுருக்கச் சொல்லி யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“அப்ப ஒரிஜினல் ஃபார்மைக் காட்டுங்க.”

“டைப் பண்ணதும் கிழிச்சிடுவேன்.”

ஜூலியானாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

பருவ முடிவில் மாணவர்கள் பெயர் போடாமல் கருத்துப் படிவம் எழுதுவார்கள். அவற்றைத் தட்டச்சு செய்து விரிவுரையாளர்களுக்கு அனுப்புவது ராமதாஸின் வேலை. நடாஷா எழுதியதை ஜூலியானா பக்கத்திலிருந்து படித்திருந்தாள். ‘பிறை தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை செய்துகொண்டே படிக்கிறேன். தயாளன் சார் நாளைக்கு டெஸ்ட் என்று முதல் நாள் சாயங்காலம்தான் சொல்கிறார். ஷிஃப்டை மாற்ற முடியவில்லை. காரணம் சொல்லியும் சைபர் போட்டுவிட்டார்.’

ராமதாஸ் அனுப்பியது இது: ‘டெஸ்ட் தேதிகளை முன்கூட்டியே அறிவித்தால் நல்லது.’

“அவ அழுதுக்கிட்டே எழுதினா, அங்கிள். உங்களுக்கு தயாளன் சார் மனசு நோகக் கூடாது. அப்படித்தானே?”

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜூலியானா நேரே டீன் சலேஹாவிடம் போனாள். நடாஷாவின் பெயரைச் சொல்லவில்லை. கிராணி கருத்துகளை மாற்றுகிறார், படிவங்களைக் கிழிக்கிறார் என்றாள்.

டீன் ராமதாஸைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

“தப்புதான், டாக்டர்.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே அவரைக் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்த மேசையை அரை மணி நேரத்தில் காலி செய்தார்.

நடைபாதையில் ஒரு போஸ்டர் வந்தது. ‘நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்! இனி உங்கள் கருத்துகள் ஓர் எழுத்துகூட மாறாமல் விரிவுரையாளரைச் சேரும்.’ ஜூலியானா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல்கள் குவிந்தன.

அடுத்த பருவத்திலும் தயாளன்தான். டெஸ்ட்டும் பழையபடிதான். பருவத்தின் பாதியிலேயே கருத்துப் படிவம் வந்தது, ஆன்லைனில்.

“வேணாம்லா, ஜூலி. போன தடவை எழுதினதே போதும்,” என்றாள் நடாஷா.

“இந்தத் தடவை யாரும் கை வைக்க மாட்டாங்க. நடந்ததை நடந்தபடி எழுது. நான் இருக்கேன்லா.”

நடாஷா எழுதினாள்.

ஒரு வாரம் கழித்துத் தயாளன் கையில் ஒரு தாளோடு வகுப்புக்கு வந்தார். நிதானமாகப் படித்துக் காட்டினார். குரலை உயர்த்தவே இல்லை.

“பிறையில ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க இங்க எத்தனை பேரு? கை தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. ஆனால் தலைகள் தாமாகவே நடாஷா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. ஜூலியானாவின் தலையும்தான்.

“சரி,” என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்.

பருவ முடிவில் அந்தப் பாடத்தில் நடாஷா நான்கு மதிப்பெண்ணில் தோற்றாள். எழுத்துத் தேர்வில் அவளுக்கு நல்ல மதிப்பெண். வகுப்பில் தயாளன் தாமே போடும் மதிப்பெண்கள்தான் அடிமட்டத்தில் இருந்தன.

ஜூலியானா மறுபடி டீனிடம் ஓடினாள்.

“மார்க் போடுறது விரிவுரையாளரோட உரிமை,” என்றார் டீன். “பழிவாங்கினார்னு உன்னால நிரூபிக்க முடியுமா?”

முடியாது.

ஃபெரி ஏறப் போன நடாஷாவை ஜெட்டிப் படகுத்துறையில் ஜூலியானா பிடித்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் கையைப் பற்றிக்கொண்டாள்.

“உன் மேல கோபம் இல்லலா,” என்றாள் நடாஷா. “விடு, வேலைக்கு நேரமாச்சு.”

அதன் பிறகு அவள் படிக்க வரவேயில்லை.

இரண்டு நாள் தூக்கம் வராமல் புரண்டபின் ஜூலியானா கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. ராமதாஸ் பழைய விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாம்மா. அந்த நாற்காலியில உட்காராத, ஒரு கால் ஆடும்.”

அவள் நின்றுகொண்டே கேட்டாள். “அங்கிள், தெரிஞ்சுதான் மாத்தி எழுதினீங்களா?”

அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். “ரொம்ப வருஷத்துக்கு முந்தி ஒரு புள்ள எழுதினதை அப்படியே டைப் பண்ணி அனுப்பினேன். நிபோங் திபால்லேருந்து பஸ்ல வர்றேன்னு அதுல ஒரு வார்த்தை இருந்துச்சு. ஆளைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு. அடுத்த பருவம் அந்தப் புள்ள இல்ல. அதுலேருந்து ஆளை எடுத்துட்டு, குறையை மட்டும் அனுப்புவேன். கையெழுத்து இருக்கக் கூடாதுன்னு ஃபார்மையும் கிழிச்சிடுவேன்.”

ஜூலியானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “டீன் கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே, அங்கிள்! ஏன் வாயைத் திறக்கல?”

“திறந்திருந்தா, அந்த ஃபார்மை எழுதின புள்ள யாருன்னுதாம்மா அடுத்துக் கேட்டிருப்பாங்க.”